இருபத்தொன்று புள்ளி நான்கு மீட்டர்

பங்குனி 3, திங்கள்

காலையிலேயே வெயில். யானைமலை புகை மூடியது போல் தெரிகிறது. இன்றைய வேலை:

1. விளாங்குடி போக.
2. டைவ் கம்ப்யூட்டர் பார்க்க, முங்கும்போது கையில் கட்டும் ஆழக் கருவி. (முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி டை.க.)
3. செல்லம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ். இரண்டு பஸ்ஸின் பலகையையும் நானே படித்து ஏறினேன். மாறி ஏறும் இடத்தில் ஒருவர், "அண்ணே, இது எங்க போகுது?" என்று என்னைக் கேட்டார். என்னை. படித்துச் சொன்னேன். அறுபத்தேழு வயதில் இதுதான் முதல் முறை. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜோதி டீச்சரின் கடை, அவர் வீட்டு முன்னறை. சௌராஷ்டிரக் குடும்பம். அம்மாவும் மகளும் தங்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொள்வார்கள், எனக்கு ஒன்றும் புரியாது. என்னிடம் மதுரைத் தமிழ். சிலிண்டர் கட்டி நீருக்குள் மூச்சு விட நீச்சல் குளத்தில் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். போன மாதம் ராமேஸ்வரம் பக்கம் கடலில் நான்கு முறை இறக்கினார். கற்றுத் தேறியதற்கு அட்டை கொடுத்திருக்கிறார்கள். புதிதாகக் கற்றவன் 18 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

"வாங்குறீங்களா, வாடகைக்கா ஐயா?"

"எது சரின்னு நீங்கதான் டீச்சர் சொல்லணும்."

"மொதல்ல வாடகைக்கு எடுங்க. கண்ணுக்கு நம்பர் தெரியுதா, விரலுக்குப் பட்டன் அமுங்குதான்னு ரெண்டு வாரம் பாருங்க. பிடிச்சா வாங்குங்க. ஆசைப்பட்டு வாங்கிட்டு அலமாரில பூட்டி வச்சவங்க நெறையப் பேரு."

தெரிந்துகொண்டவை:
எண் பெரிதாக இருக்க வேண்டும்.
பட்டன் இரண்டு போதும்.
பேட்டரி இங்கேயே மாற்றும்படி.
கடல் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மறந்தால் ஆழம் கொஞ்சம் தவறும்.
திரையில் ஆழம், நேரம், இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம்.
மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க. அதுவே எண்ணிக் காட்டும்.
ஒவ்வொரு முங்கலையும் தானே எழுதி வைத்துக்கொள்ளும். என்னைவிட வேகமாக எழுதுகிறது.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "யாருக்கும் இரவல் குடுத்துறாதீங்க. ஒரு கம்ப்யூட்டர் ஒரு உடம்புக்குத்தான். உங்க உடம்புல காத்து எம்புட்டு ஏறியிருக்குன்னு கணக்கு வச்சிருக்கும். நடுவுல வேற ஆளு கட்டிட்டு முங்குனா, அவரையும் உங்களையும் ஒரே ஆளுன்னு நெனச்சுக்கும்."

கறுப்பு ஒன்றை எடுத்தேன். வார் பழையது. முன்பு எடுத்தவர்களின் கணக்கையெல்லாம் என் கண் முன்னால் அழித்துக் கொடுத்தார்.

செல்லம்மா: "கல்யாணத்துக்குக்கூட வாட்ச் கட்டல நீங்க. இப்ப என்ன, அடுப்பு மூடி கணக்கா இம்புட்டுப் பெருசு."

தைலம் மறந்துவிட்டேன்.

பங்குனி 4, செவ்வாய்

தோப்புக் கிணறு. சிலிண்டர் இல்லை. பழைய வழக்கப்படி மூச்சடக்கி ஒரு முங்கல், கையில் டை.க. அடி மண்ணைத் தொட்டு வந்தேன். 9.2. நாற்பது வருஷமாக அந்தக் கிணற்றை ஆறு ஆள் ஆழம் என்று ஊருக்கே சொல்லிவந்தேன். ஆறுக்குக் கொஞ்சம் குறைவுதான். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

முங்கல் எண் 1 என்று பதிந்திருக்கிறது. துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

பங்குனி 6, வியாழன்

எழுதப் படிக்கச் சொல்லித் தரும் மாலை வகுப்பில், 'வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பாருங்கள்' என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

சோணையும் நானும் கிணறு முங்குகிறவர்கள். விழுந்த மோட்டார், குடம், சில சமயம் ஆள், எதையும் எடுப்போம். ஒருவன் இறங்குவான், ஒருவன் கரையில் கயிறு பிடிப்பான். கயிற்றின் மறுமுனை இறங்குகிறவன் இடுப்பில். கரையில் இருப்பவன் நூறு எண்ண வேண்டும். எங்கள் இருவருக்கும் படிப்பு இல்லை, நூறு என்றால் நடுவில் குழம்பும். அதனால் இருபது கூழாங்கல். ஐந்து எண்ணி ஒரு கல்லை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வைப்போம். இருபது கல்லும் போய்விட்டால் இழுக்கலாம். அதற்கு முன் கீழிருந்து கயிற்றில் இரண்டு சுண்டு வந்தால் இழுக்கலாம். வேறு எதற்கும் இழுக்கக் கூடாது. இது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி. மேலூர் ரோட்டுக்கு உள்ளே, கைவிட்ட கல்குவாரிப் பள்ளம். நீர் இறைத்த மோட்டார் மிதவையோடு கவிழ்ந்து உள்ளே போய்விட்டது. பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு சோணை இறங்கினான். "மாப்ள, பசிக்குது, சீக்கிரம் முடிச்சுட்டு வாரேன்" என்றான்.

கயிறு தளர்ந்தது. சுண்டு வரவில்லை. நூறும் ஆகவில்லை.

பயந்து இழுத்துவிட்டேன்.

கயிறு மட்டும் வந்தது. அறுந்த முனை இல்லை. அவிழ்த்த முனை.

தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். பள்ளம் நாற்பது மீட்டர், அடியில் சேறு, கிடைக்கவில்லை என்று போய்விட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் 'நூறு எண்ணித்தான் இழுத்தேன்' என்றேன். எத்தனை கல் நகர்ந்திருந்தது என்று அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டில் ஒன்று. கயிறு தளர்ந்தபோதே அவன் உயிர் போயிருக்கலாம். அல்லது உயிரோடு இருந்து, கயிற்றை அவிழ்த்து மோட்டாரில் கட்டப் போனான், அந்த இருட்டில் அவனுக்கு வழியாக இருந்த ஒரே கயிற்றை நான் பிடுங்கிவிட்டேன். எது என்று எனக்குத் தெரிய வேண்டும். மூச்சடக்கி அங்கே தேட முடியாது. சிலிண்டர் கட்ட வேண்டுமென்றால் எண்ணும் எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டும் என்றார் டீச்சர். அதனால்தான் இரண்டு வருஷம் வகுப்புக்குப் போனேன். எழுத்து இவ்வளவு ருசிக்கும் என்று அப்போது தெரியாது.

சோணையின் மனைவி பேச்சி இன்னும் தாலியைக் கழற்றவில்லை. கருமாதி செய்யவில்லை. கண்ணால் பார்க்காமல் மாட்டேன் என்கிறாள்.

கை ஓய்ந்துவிட்டது.

பங்குனி 7, வெள்ளி

ரேஷன் கடையில் கூட்டம். துவரம்பருப்பு இல்லை. வீடு திரும்ப ஒன்றேகால்.

ஆணியில் மாட்டிய டை.க. விழித்திருந்தது. 'நீரிலிருந்து வெளியே வந்து 24 நிமிடம்' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கடைசியாக முங்கியது செவ்வாய்க்கிழமை.

பட்டனை அமுக்கி டீச்சர் சொன்னபடி பழைய கணக்கைப் பார்த்தேன். முங்கல் எண் 2. இன்று, 12:50. ஆழம் 21.4.

"செல்லம்மா, இத எடுத்தியா?"

"நான் ஏன் தொடுறேன்? வச்ச எடத்துலதான தொங்குது. ஈரத்தோட மாட்டாதீங்க, சுவரு ஊறுதுன்னு நானே சொல்லலாம்னு இருந்தேன்."

வார் ஈரம். சுவரில் ஆணிக்குக் கீழே ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. மோந்து பார்த்தேன். பாறைப் பாசி வாடை.

எங்கள் தெருவில் 21 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் எங்கும் கிடையாது.

பங்குனி 9, ஞாயிறு

விளாங்குடி. பஸ்ஸில் ஒரு கைக்குழந்தை விடாமல் இந்த டை.க.வையே பார்த்தது.

டீச்சர் அதைத் தன் செல்போனோடு சேர்த்தார். எண்கள் கோடாக மாறித் திரையில் வந்தன. தோப்புக் கிணறு: கோடு இறங்கி, அடியில் கொஞ்சம் நின்று, ஏறி மேலே வருகிறது. ஒரு எழுத்து மாதிரி அழகாக இருக்கிறது. அடுத்தது இரண்டாவது. கோடு நேராக இறங்குகிறது. 21.4இல் நிற்கிறது. ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியில் அறுந்துபோகிறது. ஏறவே இல்லை.

"தகரக் கூரையா உங்க வீடு?"

"ஆமா டீச்சர்."

"சூட்டுல சென்சார் கிறுக்குப் பிடிச்சிருக்கும். இதை நம்பி எறங்காதீங்க. வேற ஒண்ணு தாரேன்."

ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் வாரை மோந்து பார்த்தார். இரண்டு நாள் தன்னிடமே வைத்துச் சோதிப்பதாகச் சொன்னார். வேறு வேண்டாம், இதற்கே காத்திருக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் இருபது கல் பொறுக்கினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அன்று எண்ணிய அதே வேகத்தில் எண்ணினேன். நூறு எண்ண இரண்டு நிமிடம் பத்து நொடி. மறுபடி எண்ணி, ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியில் நிறுத்தினேன்.

பதினோரு கல்.

செல்லம்மா எட்டிப் பார்த்தாள். "தனியா ஒக்காந்து பல்லாங்குழியா? எண்ணத் தெரியாத கழுதைக்கு இப்பப் பாரு."

சிரித்தேன். எண்ணத் தெரிந்ததுதான் தொந்தரவாக இருக்கிறது.

பங்குனி 11, செவ்வாய்

காலையில் டீச்சர் போன். "ஐயா, மத்தியானத்துக்குள்ள வந்துருங்க."

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்து நடுவில் அதை வைத்திருந்தார்கள். நேற்றும் அதே நேரத்தில் ஓடியதாம். காற்றாடியை நிறுத்திவிட்டோம். அவர் அம்மா கதவோரம் நின்றார்.

12:50. யாரும் தொடவில்லை.

2. 5. 9. 13. 17. 20. 21.4.

எண் அங்கேயே நின்றது. துண்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஈரமாகிக்கொண்டே வந்தது. வெளியே ஒருவர் உப்பு விற்றுக்கொண்டு போகிறார். திரை அணைந்தது.

டீச்சரின் அம்மா ஏதோ சொன்னார். பாஷை புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. டீச்சர் அவருக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். அம்மா உள்ளே போய்ச் சூடம் எடுத்து வந்து துண்டைச் சுற்றிக் காட்டினார்.

"இது எந்த எடம்னு உங்களுக்குத் தெரியும்ல ஐயா?" என்று கேட்டார் டீச்சர்.

சோணையைப் பற்றியும் பள்ளத்தைப் பற்றியும் சொன்னேன். நூறு எண்ணியது பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"பதினெட்டுக்குக் கீழ நீங்க தனியாப் போகக் கூடாது. நான் கூட வந்தா அது அடுத்த பாடம்னு வச்சுக்கலாம். ஆனா நான் மேலன்னு கை காட்டுனா வந்துரணும். அங்க நின்னுக்கிட்டு எங்கூட வழக்குப் பேசக் கூடாது."

"தண்ணிக்குள்ள எப்படி டீச்சர் பேசுறது?"

"நீங்க பேசுவீங்க."

பங்குனி 14, வெள்ளி

எழுத நிறைய இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

குவாரியில் காற்றே இல்லை. காவலுக்கு இருக்கும் ஒச்சப்பன் எனக்குப் பழக்கம், அன்றும் அங்கே இருந்தவன். கோடை என்பதால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பச்சை. பாறைச் சுவரில் பழைய நீர்மட்டம் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. ஒரு பறவைகூட இல்லை. "இங்க எறங்குற கொக்கு நிக்காதுண்ணே, ஒடனே ஏந்திரிச்சுரும்" என்றான் ஒச்சப்பன்.

டீச்சர் டை.க.வை நல்ல தண்ணீருக்கு மாற்றி என் கையில் கட்டினார். தன் கையில் வேறொன்று. எங்களுக்கு வழி தெரிய ஒரு கயிற்றைக் கீழே விட்டோம். மேல் முனை ஒச்சப்பன் கையில்.

ஆறு மீட்டர் வரை வெளிச்சம். பத்தில் குளிர். பதினைந்தில் பச்சை கறுப்பானது. டீச்சரின் விளக்கு மட்டும். என் மூச்சுச் சத்தம் எனக்கே வேறு யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது போல் கேட்டது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

18. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். 20. 21. பாதம் பாறையில் பட்டது. பள்ளத்தின் அடி அல்ல, சுவரிலிருந்து நீட்டிய ஒரு படி. மேலே பாறை கூரை போல் மூடியிருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் இதைத் தாண்டி நாற்பதுக்குப் போய்த் தேடியிருக்கிறார்கள்.

கையைப் பார்த்தேன். 21.4.

மோட்டார் அங்கே சாய்ந்து கிடந்தது. தூக்கும் வளையத்தில் ஒரு முழம் நைலான் கயிறு, அவன் மடியில் செருகிக்கொண்டு இறங்கிய துண்டு. தடவிப் பார்த்தேன். இரண்டு சுற்று, ஒரு மடக்கு, நுனி உள்ளே செருகியிருக்கிறது. சோணையும் நானும் மட்டும் போடுகிற முடிச்சு. இறுக்கமாக, நிதானமாகப் போட்டது. சாகப் போகிறவன் போட்ட முடிச்சு இல்லை. அடுத்து அவன் செய்ய வேண்டியது, இடுப்புக் கயிற்றை இதோடு சேர்த்துக் கட்டுவது மட்டும்தான். அவிழ்த்து, கையில் பிடித்திருப்பான்.

தெரிந்துவிட்டது.

அப்போது என் பக்கத்துக் கயிறு சுண்டியது. இரண்டு முறை. மேலிருந்து ஒச்சப்பன் என்று நினைத்தேன். விளக்கைத் திருப்பினேன். மோட்டாருக்கும் பாறைக்கும் இடையில் சோணையின் வெள்ளி அரைஞாண் மினுங்கியது. டீச்சர் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரலை மேலே காட்டினார். வழக்குப் பேசவில்லை. வந்துவிட்டேன். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றபோது முகமூடிக்குள் தண்ணீர். கசிவு இல்லை.

கரையில் ஒச்சப்பன் கேட்டான்: "ஏண்ணே, ரெண்டு தடவ சுண்டுனீங்களே, இழுக்கவா வேணாமான்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னேன்."

"நீ சுண்டலையா?"

"நான் ஏண்ணே சுண்டுறேன்?"

டீச்சர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் நான். அவரும் கயிற்றைத் தொடவில்லை.

ஒச்சப்பன் போலீசுக்குப் போன் செய்தான்.

பங்குனி 15, சனி

தீயணைப்புக்காரர்கள் சோணையை மேலே கொண்டுவந்தார்கள். சிறிய பொட்டலம். வாங்கி வைத்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினார். பேச்சி அரைஞாணை மட்டும் கேட்டாள். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை.



பங்குனி 16, ஞாயிறு

பேச்சி வீட்டுக்குக் காலையிலேயே போனேன். முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, நான் ஒன்னு சொல்லணும். அன்னைக்கு நான் நூறு எண்ணல."

முறம் நிற்கவில்லை.

"கயிறு தளந்துச்சு. பயந்து இழுத்துட்டேன். அவன் உசுரோடதான் இருந்திருக்கான். கட்டிக்கிட்டு இருந்திருக்கான்."

"பதினொன்னு."

"என்ன?"

"இந்தப் பக்கம் ஒம்பது கல்லு, அந்தப் பக்கம் பதினொன்னு. நான் ஓடியாந்தப்ப நீங்க கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. எண்ணிப் பாத்தேன். போலீசு வாரதுக்குள்ள அத்தனையும் வாரித் தண்ணிக்குள்ள போட்டுட்டேன்."

"ஏன் பேச்சி?"

"ரெண்டு வீட்டு அடுப்பும் அணையணுமாக்கும்? ஒன்னு போதும்னு போட்டேன்."

"ஏழு வருசமா ஒரு வார்த்த கேக்கலயே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்ண்ணே. இம்புட்டு நாளாக்கிட்டீங்க." பிறகு, "கேப்பக்கூழு இருக்கு. குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

குடித்தேன். உப்பு அதிகம். இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தேன்.

பங்குனி 18, செவ்வாய்

கருமாதி. மொட்டை வெயில். பேச்சி தாலியைக் கழற்றினாள். அழவில்லை. சோணையின் தங்கச்சிதான் அழுதாள்.

வாடகைக் கெடு நேற்றோடு முடிந்தது. டீச்சருக்குப் போன் செய்து இதையே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"புதுசே தாரேன் ஐயா. நீங்க நல்ல தண்ணியில எறங்குங்க, கடல்ல எறங்குங்க. அது எதுக்கு உங்களுக்கு?"

"ஒரு கம்ப்யூட்டர் ஒரு உடம்புக்குன்னு நீங்கதான சொன்னீங்க. இதுல ரெண்டு உடம்பு ஏறிருச்சு. இனி யாருக்கு வாடகைக்கு விடுவீங்க?"

"பேட்டரி மாத்த மட்டும் எங்கிட்ட கொண்டாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது ஒரு முறையும் தானாக ஓடவில்லை. கடைசிக் கணக்கு எங்களுடையது, 21.4.

பங்குனி 19, புதன்

மேகம். மழை வராது. செல்லம்மா பூசணிக்காய்க் குழம்பு வைக்கிறாள். தைலம் வாங்கி வந்தேன், ஒரு வழியாக.

பன்னிரண்டரைக்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டை.க. முன்னால். வலப்பக்கம் இருபது கல். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

12:50. திரை விழித்தது.

21.4. நேராக அங்கிருந்துதான் தொடங்கியது.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து, ஒரு கல். 20. 19. 17. அவசரம் இல்லை. 14. தரையில் ஈரம் என் கால்விரல் வரை வந்தது. காலை நகர்த்தவில்லை. பதினோராவது கல்லும் போனது. நிறுத்தவில்லை. பன்னிரண்டாவதை வைத்தேன். 10. 8. 6.

5இல் நின்றது. எண்ணுக்குக் கீழே மூன்று நிமிடக் கணக்கு இறங்கத் தொடங்கியது. யார் சோணைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? நான் நின்றதைப் பார்த்திருக்கிறான்.

இருபது கல்லும் தீர்ந்தது. நான் எதையும் இழுக்கவில்லை. கல்லையெல்லாம் திரும்ப வலப்பக்கம் தள்ளி, முதலிலிருந்து எண்ணினேன்.

3. 2. 1.

0.0.

'நீரிலிருந்து வெளியே வந்து 0 நிமிடம்.' அப்புறம் 1. அப்புறம் 2.

செல்லம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசியோடு இறங்கினவன் என்று ஞாபகம் வந்தது. இன்னொரு தட்டும் எடுத்து வை என்றேன். கொல்லைப்புறம் யாரோ கால் கழுவும் சத்தம் கேட்கிறது.